வட கொரியாவுக்காக எப்படி ஜெபிப்பது?

கேள்வி:
எங்கள் சபைப் பெண்கள் வெள்ளிதோறும் உபவாச ஜெபத்தில் ஒரு தேசத்துக்காக ஜெபிப்போம். போன வாரம் வட கொரியா என் பங்கு. "கர்த்தாவே, அந்தத் தேசத்தின் வாசல்களைத் திறந்தருளும்" என்று ஆரம்பித்தேன். இரண்டே நிமிடம், அப்புறம் வார்த்தை வரவில்லை. அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. பியோங்யாங்கில் ஒரு காலத்தில் மக்கள் திரளாக மனந்திரும்பிய பெரிய எழுப்புதல் நடந்ததாமே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த வெள்ளியும் எனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

பதில் 1:
சகோதரி, நான் தென் கொரியாவின் உல்சானில் கப்பல் கட்டும் வேலையில் நான்கு வருடம் இருந்தேன். அங்கே விடியற்காலை 5 மணி ஜெபத்துக்குப் போவேன். பியோங்யாங்கில் கில் சொன்-ஜு என்ற மூப்பர் தொடங்கிய பழக்கம் அது என்பார்கள்.

1907 ஜனவரியில் பியோங்யாங்கின் சாங்தேஹியோன் சபையில் வேதபாட வகுப்பு. சுற்று ஊர்களிலிருந்து ஆண்கள் நடந்தே வந்தார்கள். இரவுக் கூட்டத்தில் சுமார் 1,500 பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபித்தார்கள். அந்த நாட்களில்தான் கில் எழுந்து, தானே ஆகான் (யோசுவா 7-ல், எடுக்கக் கூடாததை எடுத்து ஒளித்து வைத்தவன்) என்று அறிக்கையிட்டார். சாகும் தறுவாயில் நண்பர் நம்பி ஒப்படைத்த சொத்திலிருந்து பணம் எடுத்திருந்தார். அதைச் சபை நடுவே சொன்னார். அதே வருடம் செப்டம்பரில் கொரியாவின் முதல் ஏழு பிரஸ்பிட்டேரியன் போதகர்களில் ஒருவரானார். கூட்டத்தின் அளவைவிட, அந்தப் பணம்தான் என்னை இன்றும் உலுக்குகிறது.

பதில் 2:
அதற்கு முன்பே 1903-ல் வோன்சானில் ஹார்டி என்ற கனடா மிஷனரி மருத்துவர் கொரியர்கள் முன்பாகத் தன் பெருமையை அறிக்கையிட்டார். வோன்சானும் இன்று வடக்கில்தான் இருக்கிறது. 1906-ல் ஜான்ஸ்டன் என்ற அமெரிக்க போதகர் பியோங்யாங் வந்து, வேல்ஸ் எழுப்புதலையும் நம் மேகாலயாவின் காசி மலை எழுப்புதலையும் சொன்னார். கேட்டவர்களுக்குத் தாகம் உண்டானது.

கேட்டவர்:
காசி மலையா! எனக்கு இது புதிது. சரி, இப்போது யாருக்காக, எதற்காக ஜெபிக்க?

பதில் 1:
உல்சானில் என் பக்கத்தில் உட்காரும் பாட்டி வடக்கே பிறந்தவர். போரின்போது அக்காவை விட்டுவிட்டு வந்தார். தினமும் "ஒன்னி, ஒன்னி" என்று அழுவார். ஒன்னி என்றால் அக்கா. அவர் ஜெபத்தில் எனக்குப் புரிந்த வார்த்தை அது ஒன்றுதான். தெற்கே வர முடியாமல் போன அப்படிப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்காகக் கேளுங்கள். டூமன் ஆற்றைத் தாண்டி சீனாவுக்குள் ஓடி, பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்படுகிறவர்களுக்காகவும் கேளுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. வெள்ளிக்கிழமை யோசுவா 7 வாசித்துத் தொடங்குகிறேன். அதற்கு முன் என் நாத்தனாரிடம் ஒரு நகை விஷயம் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.