பிரசங்கம் பாதியில் நின்றது, மைக்கை நான் வாங்கினேன்

சபை மூப்பர் (கேள்வி):
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் கூட்டத்தை 22 வருடம் நடத்தினேன். வயது 60 தாண்டிவிட்டது, இனி அடுத்த கைக்குப் போகட்டும் என்று 24 வயதுத் தம்பி ஒருவனிடம் ஒப்படைத்தேன். முதல் மாதமே ஞாயிறு ஆராதனையில் செய்தி கொடுக்கவும் சொன்னேன். எட்டாவது நிமிடத்தில் தாளைப் புரட்டினான், மறுபடி புரட்டினான். பக்கம் மாறிப்போயிருந்தது. சபை கப்சிப். பின்வரிசையில் யாரோ இருமினார். நான் எழுந்து போய் அவன் தோளைத் தட்டி, மைக்கை வாங்கி, மீதியை நானே பேசி முடித்தேன். அப்புறம் நாலு பேர் வந்து "நல்லவேளை ஐயா, நீங்கள் இருந்தீர்கள்" என்றார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

மூன்று வாரமாக அவன் வரவில்லை. கூட்ட அறைச் சாவியைக் கவரில் போட்டுக் காணிக்கைப் பெட்டியில் வைத்துவிட்டான். ஊழியத்தை நானே திரும்ப எடுக்கட்டுமா, வேறு ஆள் பார்க்கட்டுமா?

கீபோர்டு வாசிப்பவன்:
ஐயா, கோபப்படாதீர்கள். பக்கம் மாறினது பெரிய விஷயமே இல்லை. அரை நிமிடம் விட்டிருந்தால் தேடி எடுத்திருப்பான். நீங்கள் எழுந்து வந்ததால்தான் அது தோல்வி ஆயிற்று. எனக்கும் ஒருமுறை பாட்டின் சுருதி தப்பியது. பாடுகிறவர் கண்ணைக் காட்டினார், அடுத்த சரணத்தில் சேர்ந்துகொண்டேன். அன்று யாராவது என்னை நகர்த்தியிருந்தால் இன்று வாசிக்க மாட்டேன்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை:
வேதத்தில் வரும் ஆயி பட்டணத்துப் போரை நினைத்துப் பாருங்கள் அண்ணா. மோசே கைவைத்துத் தனக்குப் பின் தலைவராக நியமித்த யோசுவா சுமார் 3,000 பேரை அனுப்பி, 36 பேரைப் பறிகொடுத்தார். காரணம் அவருடைய ஜனத்தில் ஒருவனான ஆகானின் திருட்டு. ஆனாலும் முகங்குப்புற விழுந்து கிடந்தது யோசுவாதான். கர்த்தர் எழுந்திரு என்றார், ஆளை மாற்றவில்லை. மோசே அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் வந்து மைக்கை வாங்கியிருப்பாரோ என்னவோ!

இன்னொன்று, நேராக ஞாயிறு பிரசங்கமா? முதலில் வீட்டு ஜெபத்தில் பத்து நிமிடம், அப்புறம் உபவாசக் கூட்டம். அந்தத் தப்பு உங்களுடையது.

ஓய்வுபெற்ற போதகர்:
மாற்கு முந்தின ஊழியப் பயணத்தில் பம்பிலியா நாட்டில் தங்களை விட்டுவிட்டுப் போனவன் என்று அப்போஸ்தலன் பவுல் அடுத்த பயணத்தில் அவனைச் சேர்க்க மறுத்தார். உடன் ஊழியர் பர்னபா சண்டை போட்டுப் பிரிந்து, அவனைச் சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்கு அழைத்துப் போனார். (சொந்தக்காரர் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.) பின்னாளில் அதே பவுல், மாற்கு ஊழியத்துக்கு உதவுவான், கூட்டி வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். சரி, நீங்கள் தடுமாறிய கதையை இந்தப் பையனிடம் என்றாவது சொன்னீர்களா?

சபை மூப்பர்:
சொன்னதில்லை, ஐயா. என் முதல் செய்தியில் தீர்க்கதரிசிகளான எலியாவையும் எலிசாவையும் கடைசிவரை மாற்றி மாற்றியே பேசினேன். சபை சிரித்தது. அன்றைய போதகர் கண்ணை மூடி உட்கார்ந்தே இருந்தார், எழுந்து வரவில்லை. இது என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

நேற்றுச் சாவியோடு போய் அவனிடம் இதைச் சொன்னேன். சிரித்தான். சாவியை வாங்கவில்லை. "வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் பேசிப் பார்க்கிறேன் ஐயா, ஆனால் நீங்கள் பின்னால் உட்காருங்கள்" என்றான். அந்த வீட்டில் மைக் கிடையாது. அதுவும் நல்லதுதான்.