பாம்பன் கரையில் கேமராவைச் சுழற்றி எடுத்தால் வட்டம் கோணலாகிறது, உதவி தேவை

தெற்குவாடி:
வணக்கம். பொழுது சாய்ந்ததும் பாம்பன் தெற்குவாடிக் கரையில் ட்ரைபாட் வைத்து, ஷட்டர் திறந்திருக்கும்போதே கேமராவைத் திருப்பி, விளக்குகளை வட்டக் கோடுகளாக எடுக்கப் பார்க்கிறேன். ஃபுல் ஃப்ரேம், 24 மி.மீ. லென்ஸ், 20 வினாடி, எஃப்8 (லென்ஸ் துவார அளவு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100. பால்ஹெட்டை (ட்ரைபாடின் தலையில் எந்தப் பக்கமும் சாயும் உருண்டை மூட்டு) தளர்த்திக் கையால் 1 வினாடியில் 90 டிகிரி திருப்புகிறேன். வட்டத்தின் மையம் ஓரமாக ஒதுங்கி, கோடுகள் முட்டை வடிவமாகின்றன. ஒவ்வொரு கோடும் தொடங்குகிற இடத்தில் கொக்கி போல ஒரு வளைவு. படகு விளக்கு ஒரே கோடாக விழுகிறது, கரையோர விளக்குகளோ புள்ளி புள்ளியாக விழுகின்றன. எங்கே தப்பு?

முக்காலி:
கோணலுக்குக் காரணம் பால்ஹெட். கேமரா எந்த அச்சில் திரும்புகிறதோ, அது லென்ஸ் பார்க்கும் திசையிலேயே இருக்க வேண்டும். 24 மி.மீ.யில் அச்சு 5 டிகிரி விலகினாலே மையம் சென்சாரில் 2 மி.மீ. தள்ளிப்போகும், சென்சாரின் உயரமே 24 மி.மீ.தான். மையம் தள்ளினால் அகன்ற லென்ஸில் வட்டம் நீள்வட்டமாகத்தான் விழும். பால்ஹெட்டைத் தளர்த்தினால் அச்சே நிலையாக நிற்காது.

லென்ஸின் மையம் துல்லியமாக அச்சின் மேல் உட்கார வேண்டும் என்று பலர் மெனக்கெடுகிறார்கள். தூரத்து விளக்குகளுக்கு அது தேவையே இல்லை, திசை சரியாக இருந்தால் போதும். இரண்டு மூன்று மீட்டரில் நிற்கும் வல்லத்தை எடுக்கும்போதுதான் அந்த இடைவெளி படத்தில் தெரியும்.

லென்ஸ் காலர் (லென்ஸைச் சுற்றிப் பிடித்து ட்ரைபாடில் மாட்டும் வளையம்) உள்ள 70-200 மி.மீ. லென்ஸ் கிடைத்தால் காலர் திருகைத் தளர்த்தித் திருப்புங்கள், அச்சு தானாகச் சரியாக இருக்கும். உங்கள் 24 மி.மீ. லென்ஸுக்கு ஒரு மரக்கட்டையில் வி வடிவப் பள்ளம் வெட்டி, உள்ளே வெல்வெட் துணி ஒட்டி, அடியில் கால் அங்குல நட் பதித்து ட்ரைபாடில் மாட்டுங்கள். ஃபோகஸ் வளையம் கட்டையில் படக் கூடாது, லென்ஸின் அசையாத பகுதிதான் அதில் உட்கார வேண்டும். கேமராவின் எடையைக் கை தாங்கட்டும். லைவ் வியூவில் (கேமராவின் திரையில்) கிரிட் கோடுகளைப் போட்டு மெல்லத் திருப்பிப் பாருங்கள்: படத்தில் அசையாமல் நிற்கிற புள்ளிதான் மையம். அது நடுவுக்கு வரும்வரை கட்டைக்குள் லென்ஸைச் சரிசெய்யுங்கள்.

கொக்கி விழுவது பெரும்பாலும் கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசரால். பாடிக்குள் இருக்கும் ஸ்டெபிலைசர் சுழற்சியையும் நடுக்கமாக நினைத்து எதிர்த்துப் பிடிக்கும், எல்லை தாண்டியதும் விட்டுவிடும்.

தெற்குவாடி:
ஆமாண்ணே, அது ஆனில்தான் இருந்தது. புள்ளிகள்?

உப்புக்காத்து:
கரை விளக்குகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரிகின்றன, பல எல்இடிகள் வினாடிக்கு 100 முறை மங்கி எரியும். படகு விளக்குக்குப் பேட்டரி, அதனால் அது அறுபடாத கோடு. 1 வினாடியில் 90 டிகிரி திருப்பினால் 0.9 டிகிரிக்கு ஒரு புள்ளி. 6 வினாடி எடுத்துத் திருப்பினால் 0.15 டிகிரிதான், புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும்.

மெதுவாகத் திருப்பினால் ஒளி கூடிக் கோடு வெளுக்கும், அதற்குத் துவாரத்தைச் சுருக்கி எஃப்11, பல்ப் மோட் (ஷட்டரை நாமே வேண்டிய நேரம் திறந்து வைக்கும் முறை), 40 வினாடி. முதல் 34 வினாடி அசையாமல் விட்டு, கடைசி 6 வினாடியில் திருப்புங்கள். அந்த 34 வினாடியில்தான் கரையும் வானமும் பதியும். மிதக்கும் விசைப்படகு அலையில் ஆடிக் கலங்கிவிடும், மணலில் இழுத்துப் போட்ட வல்லத்தை முன்னால் வையுங்கள். மையத்துக்குப் பக்கத்தில் விளக்கு வேண்டாம். மையத்திலிருந்து தூரம் பாதியானால் அதே ஒளி பாதி நீளக் கோட்டில் குவியும், ஒரு ஸ்டாப் (இரு மடங்கு ஒளி) கூடிவிடும். இருண்ட தண்ணீரை மையத்தில் வைத்தால் படம் அழகாக வரும்.

நம்ம பக்கம் அந்தி சீக்கிரம் கருத்துவிடும். சூரியன் மறைந்து 20 முதல் 35 நிமிடம்வரைதான் வானம் நீலமாகப் பதியும். நீண்ட நேரப் படத்தில் விழும் இரைச்சல் புள்ளிகளைக் கேமராவே நீக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் இன்னொரு 40 வினாடி கேமரா பூட்டிக்கொள்ளும்.

முக்காலி:
சாலைப் பாலத்தின் மேல் நின்று எடுக்க வேண்டாம் தம்பி, பஸ் போனால் ட்ரைபாடோடு அதிரும். கரையிலும் ட்ரைபாடின் நடுக்கம்பியை உயர்த்தாதீர்கள். காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைக்கிற இடம் இது. எடைக்காக ட்ரைபாடில் பையைத் தொங்கவிட்டால் பாய்மரம் போலக் காற்றை வாங்கும், தரையில் தொடும்படி கட்டுங்கள். கால்களை மணலில் அழுத்தி இறக்கிய பிறகு ஃப்ரேம் வையுங்கள்.

வீட்டுக்குப் போனதும், கால்களை மடக்குவதற்கு முன் நல்ல தண்ணீரில் அலசுங்கள். லென்ஸ் முகப்பில் படிந்த உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். ஈரத்துணியால் ஒற்றியெடுத்த பிறகு துடையுங்கள்.