கனடாவில் பிள்ளைக்கு 19 வயதாகப் போகுதா? முதல் ரக்ஸ் (வருமான வரிக் கணக்கு) எந்த ஆண்டுக்கு?

கணக்குமேசை:
"பெடியனுக்கு உழைப்பே இல்லை, பிறகென்ன ரக்ஸ்?" என்று கேட்கிற வீடுகளில்தான் காசு விடுபடுகிறது. ஜிஎஸ்ரி கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் விற்பனை வரிக் கொடுப்பனவு) 19 வயதிலிருந்து அவரவர் பேருக்கு வரும். வருமானம் பூச்சியம் என்றாலும் ஃபைல் பண்ணியிருக்க வேண்டும்.

எந்த ஆண்டின் ரக்ஸ் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கொடுப்பனவு ஜூலை, ஒக்ரோபர், ஜனவரி, ஏப்ரல் மாதங்களில் 5ஆம் திகதியளவில் வரும். ஜூலையில் தொடங்கும் சுற்றுக்கு முந்தைய ஆண்டின் ரக்ஸைத்தான் பார்ப்பார்கள். 2007 செப்ரெம்பரில் பிறந்தவருக்கு முதல் கொடுப்பனவு 2026 ஒக்ரோபரில்; அதற்கு 2025 ரக்ஸ் போதும். 2007 பெப்ரவரியில் பிறந்தவருக்கோ 2026 ஏப்ரலிலேயே வர வேண்டும், அதற்கு 2024 ரக்ஸ் தேவை. அந்த ஆண்டில் பிள்ளைக்கு வயது 17! இந்த ஒரு ஆண்டைத்தான் அநேகமானோர் தவறவிடுகிறார்கள். பிந்தினாலும் 2024ஐ இப்போது அனுப்பலாம், விடுபட்டதைக் கணக்குப் பார்த்துத் தருவார்கள்.

2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான சுற்றில் தனியாளுக்கு உச்சம் 533 டொலர். உழைப்பே இல்லாதவருக்கு 349, அதாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை 87.25. மிச்ச 184 ஓரளவு வருமானம் இருந்தால்தான் சேரும்.

முகாம்_தொண்டர்:
இலவச ரக்ஸ் முகாம்களில் அடிக்கடி சிக்குவது பெயர். சின் (சமூகக் காப்புறுதி இலக்கம்) பதிவில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கும், ஃபோமில் மாற்றி எழுதியிருப்பார்கள். சின் பதிவில் உள்ளபடியே எழுதுங்கள், பிறந்த திகதியும் அப்படியே. முதல் தடவையே வங்கி நேரடி வைப்பையும் பதிந்துவிடுங்கள். வீடு மாறினால் காசோலை பழைய விலாசத்துக்குப் போய்விடும்.

இன்னொரு பயம்: "பிள்ளை ஃபைல் பண்ணினால் எங்கட காசு குறையுமோ?" குறையாது. வளர்ந்த பிள்ளையின் வருமானத்தைப் பெற்றோரின் ஜிஎஸ்ரி கணக்கில் கூட்டுவதில்லை.

ஒன்ராறியோவில் மாகாண அரசு தரும் ரில்லியம் கொடுப்பனவின் விற்பனை வரிப் பங்கும் 19 வயதில்தான். அதற்குத் தனி விண்ணப்பம் வேண்டாம், ரக்ஸ் அனுப்பினால் போதும். வாடகை, எரிசக்திப் பங்குக்கு மட்டும் ஒஎன்-பென் ஃபோம் நிரப்ப வேண்டும். வாடகை கொடுக்காமல் பெற்றோருடன் இருப்பவர் அதைக் கோர முடியாது.

கம்பஸ்_கணக்கு:
பகுதிநேர வேலை செய்த பிள்ளைக்கு இன்னொரு இலாபம். ரி4இல் (வேலை கொடுத்தவர் தரும் சம்பளச் சீட்டு) வரி பிடித்திருந்து, ஆண்டு வருமானம் அடிப்படை விலக்குக்குள் (2025க்கு 16,129 டொலர்) இருந்தால் பிடித்த மத்திய அரசு வரி முழுதும் திரும்பும். அதோடு உழைத்ததில் 18 சதவீதம் ஆர்ஆர்எஸ்பி (ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டம்) கணக்கில் பிறகு போடக்கூடிய இடமாகச் சேரும். ரக்ஸ் அனுப்பாவிட்டால் அது பதிவாகாது.

படிப்புச் செலவுக்கு ரி2202 என்ற கட்டணச் சான்றைக் கம்பஸ் இணையக் கணக்கிலிருந்து எடுங்கள், தபாலில் வருமென்று காத்திருக்காதீர்கள். பிள்ளை தன் வரியைக் குறைக்கப் பயன்படுத்தியது போக, 5,000 டொலருக்குள் மிஞ்சுவதைத் தாய்க்கோ தகப்பனுக்கோ மாற்றலாம். மாற்றுவது அந்த ஆண்டுக் கட்டணத்தை மட்டுமே. முந்தைய ஆண்டுகளிலிருந்து கொண்டுவந்த மிச்சம் பிள்ளைக்கே உரியது.

கணக்குமேசை:
ஒன்று விட்டுப்போச்சு. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ புதிதாக வந்து, வரி நோக்கில் கனடா வதிவாளராகிவிட்ட மாணவர்கள் முதல் ரக்ஸ் வரை காத்திருக்கத் தேவையில்லை. 19 வயதும் சின் இலக்கமும் இருந்தால் ஜிஎஸ்ரி கிரெடிட்டுக்கான ஆர்சி151 ஃபோமை இப்போதே அனுப்பலாம். அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 30க்குள் ரக்ஸ்.