கையால் பின்னும் ஸ்வெட்டருக்கு எந்தப் பேட்டர்ன் தொகுப்பு எடுக்கலாம்?

நூல்கண்டு:

வணக்கம். தொப்பி, மஃப்ளர், சாக்ஸ் வரைக்கும் நிட்டிங் நல்லா வரும். ரிப், ஸ்டிச் கூட்டுறது, குறைக்கிறது, வட்ட ஊசியில் சுற்றிப் பின்னுறது, சார்ட் பார்க்கிறது எல்லாம் தெரியும். அடுத்து ஸ்வெட்டர். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பேட்டர்ன் தேடாம, ஒரே ஒரு தொகுப்பு எடுத்து அதிலிருந்தே நாலஞ்சு ஸ்வெட்டர் பின்னணும்னு எண்ணம்.

மூணு வகை பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு, இருபது டிசைன் உள்ள தொகுப்பு. ஒவ்வொண்ணுக்கும் அழகான போட்டோ, எட்டு ஒன்பது அளவு. ரெண்டாவது, டிசைனே இல்லாம வெறும் அட்டவணை: உங்க கேஜ் (10 செ.மீ.க்கு எத்தனை ஸ்டிச்) இது, மார்புச் சுற்று இதுன்னா இத்தனை ஸ்டிச் போடுங்கன்னு சொல்றது. மூணாவது, ஜப்பானியத் தொகுப்பு. சார்ட் ரொம்ப நேர்த்தியா இருக்கு, ஆனா ஒரே அளவுதான்.

மார்புச் சுற்று 96 செ.மீ., மேல்கை 33 செ.மீ. கையில் இருக்கிறது கம்பளி டிகே (மிதமான தடிமன்) நூல், 50 கிராம் உருண்டைக்கு 115 மீட்டர், மொத்தம் 12 உருண்டை. எதை எடுக்கலாம்? எடுக்கும் முன்னாடி புத்தகத்தைப் புரட்டி எதையெல்லாம் பார்க்கணும்?

ஊசிமுனை:

போட்டோவை ஒதுக்கி வச்சிட்டு முதல்ல அளவுப் படத்துக்குப் போங்க. முன்பக்கம், பின்பக்கம், கை மூணுக்கும் கோட்டுப் படம் போட்டு, எல்லா அளவுக்கும் செ.மீ. எழுதியிருக்கணும். மார்பு, நீளம் மட்டும் போதாது. மேல்கைச் சுற்று, ஆர்ம்ஹோல் (கை சேரும் துளை) ஆழம், கழுத்து அகலம், மணிக்கட்டுச் சுற்று நாலும் வேணும். இந்தப் படம் இல்லாத தொகுப்பை அங்கேயே மூடி வச்சிடலாம். ஸ்வெட்டர் உங்க உடம்புக்குப் பொருந்துமான்னு பின்னுறதுக்கு முன்னாடியே சொல்லக்கூடியது அது ஒண்ணுதான்.

படம் இருந்தா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. கேஜ் 10 செ.மீ.க்கு 22 ஸ்டிச்னு இருக்கு, உடம்புக்கு 220 ஸ்டிச் போடச் சொல்றாங்கன்னா 100 செ.மீ. வரணும். படத்திலும் 100 இருக்கான்னு பாருங்க. தனித்தனித் துண்டா பின்னித் தைக்கிறதுன்னா ஒவ்வொரு தையலுக்கும் ரெண்டு ஸ்டிச் உள்ளே போயிடும், அதைக் கழிச்சுக்கணும். ரெண்டு மூணு டிசைனுக்கு, அதுவும் நடு அளவுக்கு இல்லாம சின்ன அளவுக்கும் பெரிய அளவுக்கும் இதைச் செய்ங்க. நடு அளவு பெரும்பாலும் பின்னிப் பார்த்ததா இருக்கும். பிழை ஒளிஞ்சிருக்கிறது ஓரத்து அளவுகளில்தான்.

கழுத்திலிருந்து கீழே பின்னுற ராக்லன் (கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்கோட்டில் கை சேர்றது) டிசைன்ல இது அப்பட்டமா தெரியும். ஒரு கூட்டும் ரவுண்டில் எட்டு ஸ்டிச் கூடும்: உடம்புக்கு நாலு, ஒவ்வொரு கைக்கும் ரெண்டு. 96 செ.மீ. அளவை 126 ஆக்கணும்னா உடம்புக்கு இன்னும் 66 ஸ்டிச் வேணும். கழுத்திலும் அக்குளிலும் ஸ்டிச்சை மாத்தாம இந்த ஒரே விகிதத்தில் கூட்டிக்கிட்டே போனா 16 கூட்டும் ரவுண்ட் அதிகமாகும், இடையில் வர்ற சும்மா ரவுண்டையும் சேர்த்தா 32. 10 செ.மீ.க்கு 28 வரிசைன்னா யோக் (கழுத்துக்கும் அக்குளுக்கும் இடைப்பட்ட பகுதி) 11 செ.மீ.க்கு மேல ஆழமாயிடும், ஆர்ம்ஹோல் விலா எலும்புக்கு இறங்கிடும். கையும் 14 செ.மீ.க்கு மேல அகலமாகி வௌவால் இறக்கை மாதிரி தொங்கும். உடம்புக்குத் தனியா, கைக்குத் தனியா கூட்டுறதைப் பிரிச்சு எழுதியிருந்தா, அளவுகளைப் பொறுப்பா வகுத்த தொகுப்புன்னு நம்பலாம். ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் ஆர்ம்ஹோல் 1 முதல் 1.5 செ.மீ. வரை ஏறுறது இயல்பு. மூணு செ.மீ. ஏறினா சந்தேகப்படுங்க.

அடுத்தது, எழுதியிருக்கிற விதம். கைப் பகுதியை மட்டும் படிங்க. "45 ஸ்டிச் வரும் வரை சீராகக் குறைக்கவும்"னு விட்டிருந்தா மீதிக் கணக்கு உங்க தலையில். "ஒவ்வொரு 6ஆவது வரிசையிலும் ரெண்டு ஸ்டிச் வீதம் 16 முறை குறைக்க, 45 ஸ்டிச் மீதி"ன்னு இருந்தா நல்ல எழுத்து. மாற்றம் நடக்கிற ஒவ்வொரு இடத்திலும் மீதி ஸ்டிச் எத்தனைன்னு எல்லா அளவுக்கும் கொடுத்திருக்கணும். அது இல்லேன்னா தப்பு எங்கே நடந்துச்சுன்னு கண்டுபிடிக்க அக்குள் வரைக்கும் பிரிக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு பொறி: ஆர்ம்ஹோல் குறைக்கிறதை முழுசா எழுதி முடிச்சிட்டு, அடுத்த பத்தியில் "அதே நேரத்தில் கழுத்தையும் ஆரம்பிக்கவும்"னு போடுறது. வரிசையா படிச்சுப் பின்னுறவங்க அதைப் பார்க்கும்போது தோள்பட்டையே முடிஞ்சிருக்கும். நல்ல தொகுப்பு அந்த எச்சரிக்கையை முதல் வரியிலேயே வைக்கும்.

கடைசியா போட்டோ. கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறது, முடியை முன்னாடி போட்டிருக்கிறது, மேல ஸ்கார்ஃப் சுத்தியிருக்கிறது, இப்படிப்பட்ட படத்தில் தோள்பட்டையும் அக்குளும் எப்படி உட்கார்ந்திருக்குன்னு தெரியாது. கையைத் தொங்க விட்டு முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு இருக்கணும். பின்கழுத்து முன்கழுத்தை விட ரெண்டு மூணு செ.மீ. உயரமா இருக்கான்னு அதில் பார்த்துக்கலாம். ரெண்டும் ஒரே உயரம்னா குட்டை வரிசை (பாதியில் திரும்பிப் பின்னுறது) வச்சு உயர்த்தாத பேட்டர்ன். உடுத்தினா முன்பக்கம் தொண்டையை இடிக்கும்.

இவ்வளவும் தேறினா உங்களுக்கு முதல் வகையே சரி.

கம்பளிப்பெட்டி:

ஊசிமுனை சொன்ன சோதனை எல்லாம் சரி. முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நாலஞ்சு ஸ்வெட்டர், ஒரே தொகுப்புன்னா அட்டவணைதான் கடைசி வரை உதவும். டிசைன் தொகுப்பு ஒவ்வொண்ணும் குறிப்பிட்ட ஒரு நூலுக்கு எழுதினது. நூல் மாறினா கேஜ் மாறும், உடனே கணக்கு ஆரம்பிச்சிடும். அட்டவணையில் உங்க கேஜ் எதுவோ அந்தப் பத்தியை எடுத்துப் பின்ன வேண்டியதுதான்.

வாங்கும்போது கேஜ் ஒவ்வொரு ஸ்டிச்சா ஏறுதான்னு பாருங்க. 10 செ.மீ.க்கு 20, 22, 24னு ரெண்டு ரெண்டா தாவினா 21 வரும்போது கைவிட்டுடும். வரிசை விஷயத்தையும் கவனிங்க. பாதி அட்டவணைகள் நீளத்தைச் செ.மீ.யில் மட்டும் சொல்லும். உடம்புக்கு அது போதும், ராக்லன் யோக்குக்குப் போதாது. 62 ரவுண்ட் என்பது 10 செ.மீ.க்கு 28 வரிசை வர்ற கைக்கு 22 செ.மீ. ஆழம், 32 வரிசை வர்ற கைக்கு 19.4தான். அக்குள் இறுக்குறதுக்கு அடிக்கடி இதுதான் காரணம்.

அட்டவணையே இல்லாம விகிதத்தில் பின்னுற வழியும் உண்டு. நிட்டிங் ஆசிரியை எலிசபெத் ஜிம்மர்மன் பரப்பினது. உடம்பு ஸ்டிச் 100 சதவீதம்னா மணிக்கட்டு 20, மேல்கை 33, அக்குள் 8, கழுத்து 40. வட்ட யோக் ஸ்வெட்டருக்கு அருமையா வேலை செய்யும். ஆனா உங்க அளவுக்கு அப்படியே எடுக்காதீங்க. 8 செ.மீ. லூஸ் வச்சு 104 செ.மீ. உடம்புன்னா 22 கேஜுக்கு 228 ஸ்டிச். அதில் 33 சதவீதம் 75 ஸ்டிச், அதாவது 34 செ.மீ. உங்க கையே 33. உள்ளே சட்டை போட்டா மடக்க முடியாது. 36 சதவீதம் வச்சா 82 ஸ்டிச், 37 செ.மீ. சௌகரியமா இருக்கும்.

சார்ட்பிரியை:

ஜப்பானியத் தொகுப்பைப் பத்தி யாரும் பேசலையே. சார்ட் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு மொழி பெரிய தடை இல்லை. குறியீடுகள் அந்த நாட்டுத் தரநிலைப்படி அமைஞ்சவை, அதனால் ஒரு புத்தகத்தில் பழகினா மத்ததையும் படிக்கலாம். சார்ட் எப்பவும் துணியின் வெளிப்பக்கத் தோற்றத்தைக் காட்டும். தட்டையா பின்னும்போது பின்வரிசையில் நிட்டுக்குப் பதில் பர்ல் (மறுபக்க ஸ்டிச்)னு நீங்களே மாத்திக்கணும். வளைவுகளில் 2-1-3னு எழுதியிருந்தா ரெண்டு வரிசைக்கு ஒருமுறை, ஒரு ஸ்டிச், மூணு தடவைன்னு அர்த்தம். இதைப் புரிஞ்சுக்கிட்டா ஆர்ம்ஹோல் முழுசும் நாலு வரியில் முடிஞ்சிடும்.

அளவுதான் சிக்கல். ஊசியை மாத்திக் கொஞ்சம் சமாளிக்கலாம்: 220 ஸ்டிச் உடம்பு 22 கேஜில் 100 செ.மீ., 21இல் 105. அதுக்கு மேல இழுத்தா துணி தளர்ந்து தொங்கும். கேபிள் (முறுக்குப் பின்னல்) டிசைன்ல பக்கவாட்டில் சும்மா இருக்கிற ஸ்டிச்சை மட்டும் கூட்டுங்க, நடுவில் இருக்கிற கேபிளைத் தொடாதீங்க. முதல் ஸ்வெட்டருக்கு வேண்டாம், மூணாவதுக்கு எடுங்க.

எந்தத் தொகுப்பானாலும் ஊசி அளவு மி.மீ.யில் இருக்கணும். வெறும் எண் போட்டிருந்தா அது எந்த நாட்டு எண்ணுன்னு பார்க்காம ஊசி எடுக்காதீங்க. அமெரிக்க எண் 8 என்பது 5 மி.மீ., பழைய பிரிட்டிஷ் எண் 8 என்பது 4 மி.மீ. பழைய தொகுப்பில் இது அடிக்கடி காலை வாரும். மாஸ் ஸ்டிச்னு பிரிட்டிஷ்காரங்க சொல்றதை அமெரிக்கர்கள் சீட் ஸ்டிச்ம்பாங்க. அமெரிக்க மாஸ் ஸ்டிச் வேற, ரெண்டு வரிசைக்கு ஒருமுறைதான் மாறும். நூலிலும் அப்படியே: ஆஸ்திரேலியத் தொகுப்பில் 8 பிளைன்னா உங்க டிகேதான்.

பதிப்பாளர் வெளியிட்ட பிழைத்திருத்தம் இருக்கான்னும் தேடுங்க. திருத்தப் பட்டியல் இருக்கிறது கெட்ட அறிகுறி இல்லை, யாரோ பின்னிப் பார்த்துச் சொல்லியிருக்காங்கன்னு அர்த்தம். பென்சிலால் அந்தந்தப் பக்கத்தில் குறிச்சுக்கிட்டு ஆரம்பிங்க.

நூல்கண்டு:

எல்லாருக்கும் நன்றி. முதல் வகையில் ஊசிமுனை சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சின்ன அளவிலும் பெரிய அளவிலும் சரியா வருது. கைக்கும் உடம்புக்கும் கூட்டுறது தனித்தனியாவே இருக்கு. அதில் ஒரு சாதா ராக்லன் எடுத்திருக்கேன். எனக்குப் பக்கத்து அளவுகள் 94 (99, 104, 109), கேஜ் 22 ஸ்டிச், 28 வரிசை, 4 மி.மீ. ஊசி. ஸ்வாட்ச் (மாதிரித் துண்டு) பின்னினப்போ 22 வந்துச்சு. துவைச்சுக் காய வச்ச பிறகு 21 ஸ்டிச், 29 வரிசை. ஊசியை மாத்தணுமா, அளவை மாத்தணுமா?

ஊசிமுனை:

துவைச்ச பிறகு வந்த 21தான் உண்மையான கேஜ், அதை வச்சே முடிவு பண்ணுங்க. ஒண்ணு மட்டும் உறுதி பண்ணிக்கோங்க: ஸ்வாட்ச்சைத் தட்டையா பின்னினீங்களா, சுற்றியா? பலருக்குப் பர்ல் வரிசை தளர்வா விழும். ராக்லன் முழுக்க நிட் ரவுண்ட் என்பதால் தட்டை ஸ்வாட்ச் பொய் சொல்லும். 15 செ.மீ. அகலத்துக்குச் சுற்றிப் பின்னி, நடுவில் 10 செ.மீ. அளங்க. ஓர ஸ்டிச்சை எண்ணாதீங்க.

அப்பவும் 21 வந்தா, துணியைக் கையில் பிடிச்சுப் பாருங்க. வெளிச்சத்தில் காட்டினா ஸ்டிச்சுக்கு நடுவே ஓட்டை தெரியாம, மடிச்சா குழைவா விழுந்தா, ஊசியைத் தொடாம அளவை மாத்துங்க. 104 அளவுக்கு 228 ஸ்டிச், உங்க கேஜில் அது 108.6 செ.மீ. ஆயிடும். 99 அளவுக்கு 218 ஸ்டிச் இருக்கும், அது உங்க கையில் 103.8. உங்களுக்கு வேண்டியது அதுதான். அந்த அளவில் மேல்கை 77 ஸ்டிச் பக்கம்னா 36.7 செ.மீ., மூணரை செ.மீ. லூஸ் கிடைக்கும். யோக் 60 ரவுண்ட்னா 28 வரிசைக் கணக்கில் 21.4, உங்களுக்கு 20.7. வித்தியாசம் சின்னதுதான், ஆனாலும் அக்குளில் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஸ்டிச்சை நீளமான நூலில் மாத்திப் போட்டுப் பாருங்க. இடிச்சா, கூட்டாம ரெண்டு ரவுண்ட் சேர்த்துக்கலாம்.

துணி சல்லடையா இருந்தா மட்டும் 3.75 மி.மீ. எடுத்து இன்னொரு ஸ்வாட்ச், மறுபடியும் துவைச்சு.

கம்பளிப்பெட்டி:

நூல் கணக்கை உருண்டையில் போடாதீங்க, மீட்டரில் போடுங்க. தொகுப்பில் 50 கிராம், 125 மீட்டர் உருண்டை 10னு இருந்தா 1250 மீட்டர் வேணும். உங்களுடையது 115 மீட்டர் என்பதால் 11 உருண்டை ஆகும். அப்படியே 10 எடுத்து வச்சா 100 மீட்டர் குறையும், ஒரு கையின் பாதி போச்சு. உங்ககிட்ட இருக்கிற 1380 மீட்டர் சாதா ராக்லனுக்குப் போதும். கேபிள் டிசைனுக்குத் தாவினா பத்தாம போகலாம்.

லேபிளில் சாய லாட் (ஒரே தடவை சாயம் போட்ட தொகுதி) எண்ணைப் பாருங்க. பன்னிரண்டும் ஒரே லாட்டா? வேற லாட் கலந்திருந்தா, அந்த உருண்டைகளைக் கழுத்து ரிப்புக்கும் மணிக்கட்டு ரிப்புக்கும் ஒதுக்குங்க. ரிப் வெளிச்சத்தை வேற மாதிரி வாங்கும், நிற வித்தியாசம் கண்ணுக்குப் படாது. உடம்புக்கே தேவைப்பட்டா, ரெண்டு ரவுண்ட் ஒரு உருண்டை, ரெண்டு ரவுண்ட் இன்னொரு உருண்டைன்னு மாத்தி மாத்திப் பின்னிக்கிட்டே போங்க.