டெக் ஓவன் பர்னர் எரியத் தொடங்கிய 5 நொடியில் அணைந்து லாக் ஆகிறது: சென்சார் கம்பியை மாற்றணுமா?

கேட்டவர்:
பேக்கரியில 2 அடுக்கு கேஸ் டெக் ஓவன், 19 கிலோ சிலிண்டர். மேல் அடுக்கு நல்லா ஓடுது. கீழ் அடுக்கில ஸ்பார்க் வருது, பர்னர் நீலமா பத்துது, 5 நொடியில சோலனாய்டு வால்வு கேஸை மூடி, லாக் ஆகி சிவப்பு விளக்கு வந்துடுது. ரீசெட் பண்ணினா மறுபடி அதே கதை. புது சென்சார் கம்பி வாங்கட்டுமா?

ஓவன் சர்வீஸ்:
இப்ப வாங்காதீங்க சார். தீ பத்துறதால ஸ்பார்க்கும் கேஸும் சரி. தீ இருக்குன்னு கன்ட்ரோலருக்குத்தான் தெரியல. அந்தக் கம்பி சூட்டை அளக்குறது இல்ல. கன்ட்ரோலர் அதுக்கு ஏசி கொடுக்குது. தீ வழியா பர்னர் உடம்புக்கு, அதாவது எர்த்துக்கு, சில மைக்ரோ ஆம்பியர் டிசி கரண்ட் ஓடணும். அது குறைஞ்சா வால்வு மூடிடும்.

மெயினையும் சிலிண்டரையும் மூடி, பர்னர் ஆறினதும் கம்பியைக் கழற்றிப் பாருங்க. கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய படலம் படிஞ்சிருக்கும், கரி இல்லாட்டியும் அது கரண்ட்டைத் தடுக்கும். மெல்லிய ஸ்டீல் உல்லால உலோகம் பளிச்சுன்னு தெரியுற வரை தேய்ங்க. முரட்டு எமரி வேணாம், கீறலில அழுக்கு சீக்கிரம் பிடிக்கும். கம்பியைப் பிடிச்சிருக்கிற பீங்கானில மயிரிழை விரிசல் இருந்தா மட்டும் புதுசு போடுங்க. வயர் முனையில துரு இருக்கா, இன்சுலேஷன் சூட்டில வெந்து உடம்பில தொடுதான்னும் பாருங்க. திரும்ப மாட்டும்போது நுனி தீக்குள்ள நிக்கணும், பர்னரைத் தொடக்கூடாது.

இன்னொருவர்:
அவசரத்துக்கு சென்சார் வயரை பாடியோட சேர்த்துட்டா ஓடாதா?

ஓவன் சர்வீஸ்:
ஓடாது, செய்யவும் கூடாது. தீ ஏசியை ஒரு பக்கமா மட்டும் அதிகம் விடுறதாலதான் டிசி கிடைக்குது. நேரா சேர்த்தா ஏசியாவே போகும், கன்ட்ரோலர் அதைத் தீயா எடுத்துக்காது. ரீசெட்டையும் 2 தடவைக்கு மேல அழுத்தாதீங்க. பத்தாம போன எல்பிஜி காத்தை விடக் கனம், அடியில தங்கும். கதவைத் திறந்து 5 நிமிஷம் விட்டுட்டு, வாடை இல்லைன்னா மட்டும் அடுத்த முயற்சி.

கேட்டவர்:
தேய்ச்சு மாட்டினேன், கீழ் அடுக்கு இப்ப நிக்குது. வயரில மீட்டரை சீரிஸா போட்டுப் பார்த்தேன்: முன்னாடி 0.6 மைக்ரோ ஆம்பியர், இப்ப 3.4. ஆனா கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறினா 2 அடுக்குமே அதே மாதிரி பத்தி அணையுது!

எலெக்ட்ரீசியன்:
இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதி வேலை மிச்சம். 2 அடுக்கும் ஒண்ணா லாக் ஆகுதுன்னா கம்பி மேல பழி போடாதீங்க, எர்த்தைப் பாருங்க. ஈபி-யில ஃபேஸ்-நியூட்ரல் 230, ஃபேஸ்-எர்த் கிட்டத்தட்ட 230, நியூட்ரல்-எர்த் சில வோல்ட் வரணும். ஜெனரேட்டரில அதே 3 அளவையும் எடுங்க. நியூட்ரல்-எர்த் 100 வோல்ட்டுக்கு மேல காட்டினா நியூட்ரல் மிதக்குது, அதாவது எர்த்தோட இணைப்பு இல்லாம நிக்குது. தீ வழியா எர்த்துக்குப் போன கரண்ட் கன்ட்ரோலருக்குத் திரும்ப வழி இல்லை. நியூட்ரல்-எர்த் 230, ஃபேஸ்-எர்த் 0 காட்டினா பிளக்கிலயோ, ஈபி-ஜெனரேட்டர் மாத்துற சேஞ்ச் ஓவர் ஸ்விட்சிலயோ வயர் மாறியிருக்கு. பல கன்ட்ரோலர்கள் அதுக்கும் லாக் ஆகும்.

கேட்டவர்:
ஃபேஸ்-எர்த் 118, நியூட்ரல்-எர்த் 112. ஓவன் பிளக்கிலயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைச்சிடலாமா அண்ணா?

எலெக்ட்ரீசியன்:
வேண்டவே வேண்டாம். ஈபி-யில ஓடும்போது நியூட்ரல் அறுந்தா ஓவன் உடம்பு முழுக்க 230 வரை ஏறலாம், கை வைக்கிற ஆள் உயிரே போகலாம். இணைப்பு ஜெனரேட்டர் பக்கம் மட்டும் வரணும்: அதோட நியூட்ரலை எர்த் குழியோட சேர்க்கணும், சேஞ்ச் ஓவர் ஃபேஸோட நியூட்ரலையும் மாத்துற வகையா இருக்கணும். லைசன்ஸ் உள்ளவரை வெச்சு செய்ங்க. அதுவரை ஜெனரேட்டரில ஓவனைப் பத்த வைக்காதீங்க.

ஓவன் சர்வீஸ்:
பர்னரோட காத்துத் துவாரத்தில மாவுத் தூசி அடையும், வாரம் ஒரு தடவை பிரஷ் போடுங்க. அடைச்சா தீ மஞ்சளாகி கம்பியில கரி ஏறும், 3.4 மறுபடி 1-க்குக் கீழ இறங்கிடும்.