நினைவிடமும் அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் இருக்கலாமா?

சாம்பல்குருவி:
கட்டடக் கலை, கடைசி வருடம். இறுதித் திட்டத்துக்கு எடுத்திருப்பது பயங்கரவாதத் தாக்குதல்களில் இறந்தவர்களுக்கான தேசிய அருங்காட்சியகமும் நினைவிடமும். ஒரு சம்பவத்துக்கு மட்டும் இல்லை, ஒரு நாட்டில் பல பத்தாண்டுகளாக நடந்த எல்லாவற்றுக்கும் சேர்த்து. வரைய உட்கார்ந்தால் முதல் கோட்டிலேயே சிக்கிக்கொண்டேன். நினைவிடத்துக்கு வருகிறவர் ஒரு பூவை வைத்துவிட்டுச் சும்மா நிற்க வருகிறார். அருங்காட்சியகம் என்றால் பள்ளிப் பிள்ளைகள், டிக்கெட், கழிவறைக்கு வரிசை. ஒரே வாசல் வைத்தால் இரண்டும் கெடும் போல இருக்கிறது, பிரித்தால் "அப்புறம் எதற்கு ஒரே திட்டம்?" என்கிறார் என் ஆசிரியர். இன்னொரு குழப்பம்: தாக்கியவனின் படமும் பெயரும் உள்ளே வரலாமா? யாராவது இந்தத் துறையில் இருந்தால் சொல்லுங்கள்.

பழையபெட்டி:
அருங்காட்சியகக் கிடங்கில் பதினாறு வருடம் வேலை பார்த்தவன். வாசலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் கிடங்குக்கு எத்தனை சதுர அடி ஒதுக்கியிருக்கிறீர்கள்? மாணவர் வரைபடங்களில் அது எப்போதும் படிக்கட்டுக்குக் கீழே ஒரு மூலையில்தான் இருக்கும். அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 1995-ல் குண்டு வெடித்த இடத்தைச் சுற்றிப் போட்ட கம்பிவேலியில் ஜனங்கள் பொம்மை, சாவி, சட்டை என்று செருக ஆரம்பித்தார்கள், அந்த வேலியின் ஒரு பகுதியை இன்றும் வைத்திருக்கிறார்கள், இன்றும் செருகுகிறார்கள். அதையெல்லாம் எடுத்துப் பதிவு செய்து பாதுகாக்க ஆளும் வேண்டும், இடமும் வேண்டும்.

குடும்பங்கள் கொடுக்கும் பொருட்கள் வேறு கதை. ஒரு அம்மாள் மகனின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். இடது பக்கச் சில்லில் விரிசல், காதில் மாட்டும் கம்பியில் பச்சை நூல் சுற்றியிருந்தது, அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் சுற்றுவானாம். நான் பழக்கதோஷத்தில் தூரிகையை எடுத்தேன். "துடைக்காதீங்க, அந்தத் தூசி அன்னைக்கு விழுந்தது" என்றார். அப்புறம் நன்கொடைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரே கேள்வி: வருடத்துக்கு ஒருமுறை வந்து கையில் எடுத்துப் பார்க்கலாமா? படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. நன்கொடை என்பதை அடித்துவிட்டு இரவல் என்று எழுதினோம். உங்கள் திட்டத்தில் அந்த அம்மாள் வந்து உட்கார ஒரு அறை, கிடங்குக்குப் பக்கத்தில், பார்வையாளர் கண்ணில் படாத வழியோடு போடுங்கள்.

நடுச்சாமம்:
வாசலுக்குப் பதில் நியூயார்க்கிலேயே இருக்கிறது. 2001-ல் இரட்டைக் கோபுரம் தகர்ந்த இடத்தில் 2011-ல் திறந்த நினைவிடம் மேலே, வெட்டவெளி, யாரும் காசில்லாமல் வரலாம். 2014-ல் திறந்த அருங்காட்சியகம் நிலத்தடியில், டிக்கெட் உண்டு. ஆனால் அங்கேயும் எல்லோரும் சமாதானம் ஆகவில்லை. அடையாளம் காணப்படாத உடல் எச்சங்களை அருங்காட்சியகத்தோடு ஒட்டிய நிலத்தடி அறையில் வைத்தபோது சில குடும்பங்கள் வாயில் கறுப்புத் துணி கட்டி எதிர்த்தன. பரிசுப்பொருள் கடை மேலும் கசப்பு. என்னைக் கேட்டால் அந்தக் கடை உங்கள் வரைபடத்தில் வேண்டவே வேண்டாம்.

பெயர்களை அகர வரிசையில் போட்டு முடித்துவிடாதீர்கள். அங்கே 2,983 பெயர்கள், ஒரே விமானத்தில் இருந்தவர்கள், ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள். இவர் பெயர் இவருக்குப் பக்கத்தில் வேண்டும் என்று குடும்பங்கள் வைத்த கோரிக்கைகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல்.

படம், பெயர் விஷயத்தில் என் பதில் கூடாது. புகழுக்காகவே செய்கிறவனுக்கு நம் செலவில் சுவர் எதற்கு? இதில் நான் நடுநிலை இல்லை. என் சித்தப்பா ஒரு குண்டுவெடிப்பில் போனவர், அடுத்த நாள் செய்தித்தாளில் அவர் ஒரு எண்ணிக்கை, குண்டு வைத்தவனுக்கு அரைப்பக்கப் படம்.

விதைநெல்:
நடுச்சாமம், உங்கள் கோபம் புரிகிறது, ஆனாலும் பாதிதான் ஒத்துப்போகிறேன். செய்தவனை முழுக்க நீக்கினால் ஏதோ இயற்கைச் சீற்றத்தில் எல்லோரும் இறந்துபோன மாதிரி ஆகிவிடும். நார்வேயில் 2011 ஜூலை 22-ல் ஒரே ஆள் ஆஸ்லோவில் குண்டு வைத்து, பிறகு உத்தோயா தீவுக்குப் போய்ச் சுட்டு, 77 பேரைக் கொன்றான். ஆஸ்லோவில் 2015-ல் திறந்த மையத்தில் குண்டு வைத்த வண்டியின் சிதைவையும் அவன் பயன்படுத்திய போலி போலீஸ் அட்டையையும் வைத்தபோது பெரிய சர்ச்சை ஆனது. எனக்கு அது சரியாகவே படுகிறது. எப்படித் திட்டமிட்டான், யார் எங்கே கோட்டைவிட்டார்கள் என்று கேட்க அந்தப் பொருட்கள் வேண்டும். ஆனால் அது அருங்காட்சியகத்தின் வேலை, நினைவிடத்தின் வேலை இல்லை. 69 பேர் இறந்த உத்தோயா தீவில் பழைய உணவகத்தின் ஒரு பகுதியை அப்படியே விட்டு, சுற்றி உள்வட்டத்தில் இறந்தவர்களுக்காக 69 தூண்கள், வெளியே தப்பியவர்களுக்காக 495 மரச்சட்டங்கள் நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே அவனுக்கு வேலையே இல்லை.

அதே நார்வேயில் தீவுக்கு எதிரே நிலத்தையே வெட்டிப் பிளந்து செய்வதாக இருந்த நினைவிடம், தினமும் இதைப் பார்த்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று அக்கம்பக்கத்தார் எதிர்த்ததால் 2017-ல் கைவிடப்பட்டது. அவர்களும் அன்று படகெடுத்துப் போய்ப் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து தூக்கியவர்கள்தான். இடம் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்காதீர்கள்.

"தேசிய" என்று சொன்னவுடன் யார் உள்ளே யார் வெளியே என்ற சண்டையும் வரும். ஸ்பெயினின் விட்டோரியாவில் 2021-ல் திறந்த மையம், பாஸ்க் தனிநாடு கேட்டு ஆயுதம் எடுத்த எட்டா இயக்கத்தால் இறந்தவர்களை மட்டும் எடுக்கவில்லை, எட்டாவை வேட்டையாடக் கிளம்பிய கூலிப்படை கொன்றவர்களும் அதில் அடக்கம். அந்த முடிவை நீங்கள் எடுக்காமல் சுவரின் நீளம்கூடத் தெரியாது. பணமும் அப்படித்தான். பிரான்சில் 2018-ல் அறிவித்த இதே மாதிரியான அருங்காட்சியகத் திட்டத்தைச் செலவைக் காட்டி 2024 கடைசியில் நிறுத்தினார்கள், குடும்பங்கள் கொதித்த பிறகுதான் மறுபடி உயிர் வந்தது.

பழையபெட்டி:
பராமரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2004-ல் ரயில்களில் வெடித்த குண்டுகளில் இறந்தவர்களுக்காக மாட்ரிட் அட்டோச்சா ரயில் நிலையத்தில் 2007-ல் 11 மீட்டர் உயரக் கண்ணாடி உருளை வைத்தார்கள். உள்ளே மக்கள் எழுதிய இரங்கல் வரிகள் அச்சடித்த மெல்லிய படலம், காற்றழுத்தத்தில் நின்றது. பார்க்க அற்புதமாக இருந்தது. ஆனால் காற்று இறங்கினால் அத்தனை வரிகளும் சுருங்கித் தொங்கும், தொங்கவும் செய்தது. எந்திரம் இல்லாமல் நிற்கிற ஒன்றை வரையுங்கள்.

சாம்பல்குருவி:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாசல் என்று முடிவு செய்துவிட்டேன், நினைவிடம் தெருவோடு சேர்ந்தே இருக்கும், கதவே இல்லை. செய்தவர்கள் பற்றிய கூடம் அருங்காட்சியகத்தின் உள்ளே, அதைத் தவிர்த்துச் சுற்றிப்போக ஒரு வழியோடு. கிடங்கு படிக்கட்டுக்குக் கீழேதான் இருந்தது, வெட்கமாகப் போய்விட்டது, மாற்றுகிறேன். பழையபெட்டி, அந்த அறைக்கு மேஜை எவ்வளவு உயரம் வேண்டும்?

பழையபெட்டி:
உட்கார்ந்தால் முழங்கை ஊன்றுகிற உயரம் போதும். மேலே கம்பளி விரிப்பு, வெளிச்சம் மங்கலாக. நாற்காலி இரண்டு போடுங்கள், தனியாக வரமாட்டார்கள்.