ஒன்பதாம் மாதத் தட்டம்மை–ரூபெல்லா ஊசியை ஒரு வயது வரை தள்ளிப்போடலாமா?

நொய்யல்கரை (கேள்வி):

வணக்கம். எங்கள் மகளுக்கு இம்மாத இறுதியில் ஒன்பது மாதம் நிறைவடைகிறது. தடுப்பூசி அட்டையின்படி தட்டம்மை–ரூபெல்லா ஊசியின் முதல் தவணை இப்போது போட வேண்டும். பிறந்த அன்று போட்டவை முதல் பதினான்காம் வாரத்து ஊசிகள் வரை எல்லாவற்றையும் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டிருக்கிறோம். ஆனால் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி போட்ட ஒவ்வொரு முறையும் அன்று இரவே காய்ச்சல் அடித்தது. தொடை வீங்கிக் கட்டியாகி, தொட்டாலே குழந்தை வீரிட்டு அழுதாள்.

அதைக் கண்ணெதிரே பார்த்த என் அத்தை (கணவரின் தாயார்), குழந்தை நடக்கத் தொடங்கும்வரை இனி ஊசியே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். தட்டம்மையை அவர் நோயாகவே நினைப்பதில்லை. மாரியம்மன் வீட்டிற்கு வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகி, இளநீர் கொடுத்து, இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றித்தான் தம் பிள்ளைகள் அனைவரையும் வளர்த்ததாகவும், ஒருமுறை வந்து போனால் உடம்புக்கு நல்லதென்றும் சொல்கிறார். என் கணவருக்கு வந்த கவலை வேறு. உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் இந்த ஊசியால் ஆட்டிசம் வரும், இதில் பாதரசம் கலந்திருக்கிறது என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அதை அவர் முழுவதும் நம்பவில்லை. இருந்தாலும் ஒரு வயது முடிந்த பிறகு போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறார். தனியார் மருத்துவமனையில் வலியில்லாத ஊசியாகப் போடலாம் என்பது என் தோழியின் யோசனை.

தடுப்பூசி வேண்டுமா வேண்டாமா என்ற பொது விவாதம் எனக்குத் தேவையில்லை. இந்த ஊசிக்கும் அதே போன்ற காய்ச்சல் வருமா, மூன்று மாதம் தள்ளிப்போடுவதில் ஆபத்து உண்டா, தனியாரில் போட்டால் வேறுபாடு இருக்குமா என்ற மூன்றுக்கு மட்டும் தெரிந்தவர்கள் விளக்கினால் வீட்டில் பேசுவதற்கு உதவியாக இருக்கும்.

வேப்பந்தோப்பு:

சகோதரிக்கு வணக்கம். கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். உங்கள் முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது.

அன்றிரவே வந்த காய்ச்சலுக்கும் தொடை வீக்கத்திற்கும் பெரும்பாலும் காரணம் பென்டாவேலன்டில் உள்ள கக்குவான் இருமல் பகுதிதான். அரசு மருந்தில் அந்தக் கிருமியை முழுதாகக் கொன்று சேர்க்கிறார்கள். முழு செல்லையும் காணும் குழந்தையின் உடம்பு சற்றுக் கடுமையாகவே எதிர்வினை காட்டும். தனியாரில் வலியில்லாத ஊசி என்று சொல்லப்படுவதில் கிருமியின் சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்ப்பதால் காய்ச்சலும் வீக்கமும் குறைகின்றன. குத்தும்போது ஏற்படும் வலி இரண்டிலும் ஒன்றுதான். அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியவில்லை, நல்ல வியாபாரி. அந்த வகை தரும் பாதுகாப்பு சற்று விரைவாகத் தேய்ந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தட்டம்மை–ரூபெல்லா ஊசியில் கக்குவான் பகுதி கிடையாது. ஆகவே தொடையில் கண்ட அனுபவத்தை வைத்து இதைக் கணிக்க இயலாது. இது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள நுண்ணுயிரி. வலது மேல்கையில் தோலுக்கு அடியில் போடுவார்கள். அன்றிரவு பெரும்பாலான குழந்தைகள் வழக்கம்போலவே இருக்கும். நுண்ணுயிரி உடம்பில் மெல்லப் பெருகிய பிறகு, ஏறக்குறைய ஏழு முதல் பன்னிரண்டு நாள்களுக்குள் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும், இன்னும் சிலருக்கு மெல்லிய தடிப்பும் வரும். இந்த இடைவெளி தெரியாத தாய்மார்கள், ஊசி போட்டு ஒரு வாரம் கழித்து வந்த காய்ச்சலை வேறு நோய் என்று நினைத்து அலைவதைப் பணியில் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

தனியாரில் இதற்கு வலியில்லாத வடிவம் எதுவும் இல்லை. அங்கே பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்து மூன்று நோய்களுக்கான எம்.எம்.ஆர். போடுவார்கள் என்பதே வேறுபாடு.

கொக்குவில்வாசி:

தள்ளிப்போடுவது பற்றிய கேள்விக்கு எங்கள் நாட்டு அனுபவம் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன். இலங்கையில் எம்.எம்.ஆர். ஊசியின் முதற் தடவை முன்னர் ஒரு வயது நிறைவடைந்த பின்னரே போடப்பட்டது. 2013இலும் 2014இலும் சின்னமுத்து (தட்டம்மையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பெருமளவில் பரவியபோது, ஊசி போடும் வயதை இன்னும் எட்டாத, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பலர் பாதிக்கப்பட்டார்கள். அதன் பிறகு, 2015 முதல், முதற் தடவை ஒன்பதாம் மாதத்திற்கு முன்கொண்டுவரப்பட்டது. இரண்டாவது மூன்று வயதில். உங்கள் கணவர் பாதுகாப்பானது என்று நினைக்கும் அந்த மூன்று மாதம்தான் இங்கே பிரச்சினையாக இருந்தது. 2019இல் சின்னமுத்து ஒழிக்கப்பட்ட நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. ஆனாலும் 2023இல் அது மறுபடி பரவியது.

ஐயம்தீர்ப்போன்:

எதிர்த்து ஒரு குரலாவது இருக்கட்டும். நான் தடுப்பூசிக்கு எதிரானவன் அல்லன். என் பிள்ளைகளுக்கும் போட்டிருக்கிறேன். ஆனால் கேள்வி கேட்கும் பெற்றோரை அறியாதவர்கள் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. இது வாட்ஸ்அப் வதந்தி இல்லை, செய்தித்தாள்களில் வந்தது. 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள அனைவருக்கும் தட்டம்மை–ரூபெல்லா முகாம் தொடங்கியபோது, ஏற்கெனவே தட்டம்மை ஊசி போட்ட பிள்ளைக்கு மறுபடி எதற்கு என்ற எளிய கேள்விக்குக்கூடப் பல பள்ளிகளில் விடை சொல்ல ஆளில்லை. வதந்தி அந்த வெற்றிடத்தில்தான் பரவியது. முகாமையும் மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. முன்கூட்டியே பெற்றோரிடம் பேசியிருந்தால் அவ்வளவு குழப்பம் வந்திருக்காது என்பது என் கருத்து.

ஆகவே இந்தச் சகோதரியின் அத்தை அஞ்சுவதில் நியாயமே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். குழந்தை சற்றுத் தேறிய பிறகு போடலாம் என்று ஒரு குடும்பம் நினைத்தால் அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை.

வேப்பந்தோப்பு:

ஐயா திருவள்ளூரை நினைவூட்டியது நல்லதுதான். பணியில் இருந்த எங்களில் ஒருவரும் அதை மறக்கவில்லை. அதற்குப் பிறகு கிராமந்தோறும் சென்று ஊசி போடுவதை அரசு நிறுத்திவிட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே போட வேண்டும் என்று மாற்றியது. பாதுகாப்புக்காகச் செய்தது என்றாலும் தொலைவிலிருக்கும் தாய்மாருக்கு அது சுமையாயிற்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005–06இல் ஏறத்தாழ 81 சதவீதம். 2015–16இல் அது 70 சதவீதத்துக்குச் சரிந்தது. பின்னர் 2019–21இல்தான் 89 சதவீதத்தைத் தொட்டது. அந்தச் சரிவுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். பயமும் தொலைவும் அவற்றில் அடங்கும் என்பது நான் பக்கத்திலிருந்து பார்த்தது.

உலகின் பிற இடங்களில் தட்டம்மை ஊசியை ஒட்டி நிகழ்ந்த கூட்டு மரணங்களையும் பாருங்கள். 2014இல் சிரியாவின் இட்லிப் பகுதியில் மருந்தைக் கரைக்கும் நீருக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மருந்தைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள். 2017இல் தெற்குச் சூடானில் ஒரே ஊசியை மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார்கள். மருந்தையும் குளிரில் வைக்கவில்லை. இரண்டிலும் உயிரைப் பறித்தது கையாளுதல். கையாளுதலைப் பெற்றோர் கண்ணால் பார்க்க முடியும், கேட்கவும் முடியும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

இந்த மருந்து தூளாக வரும். அதனோடு வரும் நீரில் கரைத்த பிறகு நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இதில் கிருமிகளைத் தடுக்கும் பதப்படுத்தி எதுவும் சேர்க்கப்படாததால், அசுத்தமாகிவிட்ட குப்பியில் கிருமி பெருகி நஞ்சாகிவிடும். எனவே குப்பியை எத்தனை மணிக்குத் திறந்தீர்கள் என்று கேளுங்கள். அந்த நேரத்தை அதன்மேல் எழுதியிருக்க வேண்டும். மருந்துத்தூள் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை என்று பொருள். ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் புதிய ஊசியை உங்கள் முன்னாலேயே உறையைக் கிழித்து எடுக்கச் சொல்லுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். இவற்றைக் கேட்டால் நல்ல செவிலியர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் மருத்துவ அலுவலரிடம் சொல்லலாம்.

மழலைமருத்துவம்:

குழந்தைகள் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் என்ற முறையில் விடுபட்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஒன்பதாம் மாதம் என்பது இரண்டு தேவைகளுக்கு இடையில் கண்ட சமரசம். தாயிடமிருந்து கருவிலேயே வந்த எதிர்ப்பொருள்கள் குழந்தையைச் சில மாதங்கள் காக்கின்றன. அவை மிகுதியாக இருக்கும்போது ஊசி போட்டால் அவையே மருந்தின் நுண்ணுயிரியையும் அழித்துவிடும். ஒன்பது மாதத்தில் போட்டால் ஏறத்தாழ 85 சதவீதக் குழந்தைகளுக்கும், பன்னிரண்டு மாதத்தில் போட்டால் ஏறத்தாழ 95 சதவீதக் குழந்தைகளுக்கும் எதிர்ப்புத் திறன் உண்டாகிறது. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் உங்கள் கணவர் சொல்வது சரி போலவே தோன்றும். தட்டம்மை அரிதாகிவிட்ட நாடுகள் சில பன்னிரண்டாம் மாதம் வரை காத்திருப்பதும் அதனால்தான். ஆனால் நோய் இன்னும் சுற்றிவரும் இந்தியாவில், தாய் தந்த காப்பு கரைந்து ஊசியின் காப்பு வராத அந்த இடைவெளியில் கைக்குழந்தைக்கு நோய் வந்தால் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் கடுமையாகத் தாக்கும். எனவேதான் ஒன்பதில் ஒன்றும், விடுபடும் 15 சதவீதத்தினருக்காகப் பதினாறு முதல் இருபத்து நான்கு மாதங்களுக்குள் இன்னொன்றும் என்று அமைத்திருக்கிறார்கள். எதிர்ப்புத் திறன் இல்லாதவர்கள் நடுவே ஒரு தட்டம்மை நோயாளி பன்னிரண்டு முதல் பதினெட்டு பேருக்கு நோயைத் தரக்கூடியவர் என்பதால், வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்ற எண்ணமும் பலிக்காது.

ஆட்டிசம் பற்றிய செய்தியின் வேர் 1998இல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்பவர் பன்னிரண்டே குழந்தைகளை வைத்து வெளியிட்ட கட்டுரை. அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது; அதே ஆண்டு அவர் பெயர் பிரிட்டன் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வு, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வேறுபாடு இல்லை என்று கண்டது. பேச்சுத் தாமதம் பெற்றோர் கண்ணில் படும் வயதும் இந்த ஊசிகளின் வயதும் ஒன்றாக இருப்பதால் தொடர்பு இருப்பது போல் தோன்றுகிறது. பாதரசச் சேர்மம் வேறு சில தடுப்பு மருந்துகளின் பல தவணைக் குப்பிகளில் பதப்படுத்தியாகச் சேர்க்கப்படுவது; உயிருள்ள நுண்ணுயிரி உள்ள இந்த மருந்தில் அதைச் சேர்த்தால் மருந்தே செயலிழந்துவிடும் என்பதால் சேர்ப்பதில்லை.

உங்கள் அத்தையின் நம்பிக்கையோடு நான் வாதாட மாட்டேன். வேப்பிலையும் இளநீரும் தனித்திருத்தலும் நோயுற்ற குழந்தைக்குக் கேடு செய்வன அல்ல. ஆனால் வந்து போனால் உடம்புக்கு நல்லது என்ற பகுதியை மட்டும் ஏற்க இயலாது. ஏனெனில் தட்டம்மை, மற்ற நோய்களுக்கு எதிராக உடம்பு ஏற்கெனவே சேர்த்துவைத்த எதிர்ப்புத் திறனின் நினைவில் ஒரு பகுதியையே அழித்துவிடுகிறது. அதனால் குழந்தை பல மாதங்கள் வேறு நோய்களுக்கும் எளிதில் ஆளாகிறது. ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு மூளை அழற்சியும் வரலாம். ஊசியால் வரும் காய்ச்சலால் வலிப்பு உண்டாவது ஏறக்குறைய மூவாயிரம் முதல் நாலாயிரம் பேரில் ஒருவருக்கு. அது பயமுறுத்தும், ஆனால் நிலையான பாதிப்பை விட்டுச்செல்வதில்லை. கடும் ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் நேர்கிறது. அதற்காகவே அந்த அரை மணி நேரம்.

ரூபெல்லாவைப் பற்றி ஒரு வார்த்தை. அது குழந்தைக்கு லேசான நோய்தான். கருவுற்ற தாய்க்குத் தொற்றினால் வயிற்றில் உள்ள சிசுவுக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு ஆகியவை வரும். 2017 முகாமில் ஏற்கெனவே தட்டம்மை ஊசி போட்டவர்களையும் அழைத்ததற்கு முக்கியக் காரணம், பழைய ஊசியில் ரூபெல்லா இல்லை என்பதே. நண்பர் சொன்னது போல இதைப் பள்ளிகளில் முன்பே விளக்கியிருக்கலாம்.

நொய்யல்கரை:

அனைவருக்கும் நன்றி. காய்ச்சல் வரும் காலம் வேறு என்பதும், தொடையில் போட மாட்டார்கள் என்பதும் அத்தையை ஓரளவு அசைத்திருக்கின்றன. குப்பியின் சதுரத்தைப் பார்க்கத் தாமும் வருவதாகச் சொல்லிவிட்டார். என் கணவர் டென்மார்க் ஆய்வு பற்றிய பகுதியைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு, வரும் எதிர்வினைகளைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

இன்னும் ஒரு தயக்கம். அட்டையைப் பார்த்தால் அதே நாளில் நிமோனியாவுக்கான ஊக்கத் தவணையும், போலியோ ஊசியின் மூன்றாம் தவணையும் இருக்கின்றன. ஒரே நாளில் மூன்று ஊசி என்றால் மீண்டும் வீட்டில் பேச்சு எழும். பிரித்துப் போடலாமா? குழந்தைக்கு இரண்டு நாளாக லேசான சளியும் இருக்கிறது.

வேப்பந்தோப்பு:

சளிக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கடுமையான காய்ச்சல் இருந்தால் மட்டும் மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். எதிர்ப்புத் திறனைக் குறைக்கும் நோயோ நீண்ட நாள் ஸ்டீராய்டு சிகிச்சையோ இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உங்கள் குழந்தைக்கு அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

மூன்றையும் ஒரே நாளில் போடலாம். வெவ்வேறு இடங்களில் போடுவார்கள். தட்டம்மை–ரூபெல்லா வலது கையிலும், போலியோ இடது கையில் தோலுக்குள் மிகச் சிறிய அளவிலும், நிமோனியா ஊசி வலது தொடையிலும் போடப்படும். ஆகவே தொடையில் ஒன்று உண்டு என்பதை அத்தையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் தெரிந்தால் நம்பிக்கை போய்விடும். நிமோனியா ஊசிக்கு அன்றோ மறுநாளோ காய்ச்சல் வரலாம். வீட்டில் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள் என்ற நிலை வந்தால், தட்டம்மை–ரூபெல்லாவை முதலில் போட்டுவிட்டு மற்றவற்றைத் தாமதமின்றி, ஊசி போடும் நாளான அடுத்த புதன்கிழமையில் போடும்படி செவிலியரிடம் கேளுங்கள். அவற்றுக்கு இடையே கட்டாய இடைவெளி எதுவும் கிடையாது. அன்றே ஒரு லட்சம் அலகு வைட்டமின் ஏ சொட்டு மருந்தும் வாயில் கொடுப்பார்கள், அதையும் தவறவிடாதீர்கள்.

பாராசிட்டமால் சொட்டு மருந்தின் அளவைக் குழந்தையின் எடையைச் சொல்லி அங்கேயே கேட்டு, அட்டையின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் வந்தால் அப்போது தேடிக்கொண்டிருக்க வேண்டியிராது.